எந்தத் தோட்டம்?

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே தாத்தா கேட்டுவிட்டார்: "எந்தத் தோட்டம்?"

மாப்பிள்ளையின் அப்பா கிள்ளானில் வழக்கறிஞர். "தோட்டமெல்லாம் இல்லைங்க" என்று அவர் சொன்ன தொனியில் என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. தாத்தா விடவில்லை. "அதுக்கு முன்னால?" என்றார். அவருடைய அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. "அதுக்கும் முன்னால?" அப்பா உள்ளே வந்து பேச்சை மாற்றும்வரை இது நடந்தது.

தாத்தா எல்லோரிடமும் இதைக் கேட்பார். தபால்காரர், காஸ் கொண்டு வருகிறவர், காப்பிக்கடையில் எதிரே உட்காரும் யாரோ ஒருவர். கடைசிக் காலத்தில் ரத்தம் எடுக்க வந்த மலாய்த் தாதியிடமும் "லாடாங் மானா?" என்று அதையே மலாயில் கேட்டார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கோத்தா பாரு என்றாள். தாத்தா கொஞ்சம் யோசித்து, அது நம் பட்டியலில் இல்லை என்பதுபோலத் தலையசைத்தார். பட்டியல் ஒன்று இருந்தது என்பது எனக்கு அப்போது தெரிந்திருந்தது. ஆனால் அதைப் பிறகு சொல்கிறேன்.

மலேசியாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் எல்லோருமே கேட்கிற கேள்விதான் இது. எந்தத் தோட்டம் என்று தெரிந்துவிட்டால் யார் கங்காணி, எந்தக் கோயில் திருவிழா, யாருக்கு யார் சொந்தம் என்று பேச்சு தானாக ஓடும். தாத்தா கேட்பதில் மட்டும் ஓர் அவசரம் இருக்கும். பதில் வருவதற்குள் எதிரே நிற்கிறவர் போய்விடுவார் என்பதுபோல.

எங்கள் ஊர் பேரா மாநிலத்தில் சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் நடுவில், சுண்ணாம்புக் குன்றுகளுக்குக் கீழே இருக்கிற சின்னப் பட்டணம். சுற்றிலும் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டங்கள். இப்போது பெரும்பாலும் செம்பனை, அல்லது தாமான் எனும் குடியிருப்புப் பகுதி. தாத்தா 1924-இல் நாமக்கல் பக்கத்தில் பிறந்தவர். மூன்று வயதில் ரஜுலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கினார். அந்தக் கப்பல் பயணத்தில் அவருக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அண்ணன் தோளில் வாந்தி எடுத்தது. அண்ணன் பத்து வயது மூத்தவர். வந்த சில வருடங்களில் அப்பா காய்ச்சலில் போய்விட, தாத்தாவை வளர்த்தது அந்த அண்ணன்தான். விடியற்காலையில் பெரட்டில் பேர் கொடுத்து, தன் மர வரிசையான நிரை பிடித்து, ரப்பர் பால் வெட்டி, தோளில் காண்டாக் கம்பு போட்டு வாளி சுமந்து. தம்பியைத் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை படிக்க வைத்தார். தோட்டத்தில் அதற்கு மேல் வகுப்பு கிடையாது.

வீட்டில் எங்களுக்கெல்லாம் பிடித்த கதை சைக்கிள் கதை. போருக்கு முன்னால், துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். இது பாட்டியின் கற்பனை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாட்டி சொன்னபடி, பட்டாளத்திலிருந்து திரும்பிய தாத்தா துரையின் காருக்கு எதிரே இறங்காமல் மிதித்துக்கொண்டே போனாராம். மணியும் அடித்தாராம். பாட்டி அந்த மணிச் சத்தத்தை நாக்கால் செய்து காட்டுவார்.

தாத்தா சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொல்வார்: "கொரியாச் சண்டையில பால் வெல ஏறுன பொறவுதான் நான் சைக்கிளே வாங்குனேன்."

பட்டாளம் என்றால் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். சிறுவயதில் எனக்கு அதில் பெருமை இருந்தது. இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது கொஞ்சம் குழப்பமானது. வரலாற்று வகுப்பில் ஆசிரியர், யாருடைய தாத்தாவாவது போரில் இருந்தாரா என்று கேட்டார். பக்கத்து இருக்கைத் தோழி கை தூக்கினாள். அவளுடைய தாத்தா மலாய் ரெஜிமெண்டில் இருந்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுவதற்கு முதல் நாள் புக்கிட் சண்டுவில் கடைசிவரை நின்ற படை அது. வகுப்பே கைதட்டியது. நானும் கை தூக்கி, என் தாத்தாவும் போரில் இருந்தார், பர்மாவில் என்றேன். "எந்தப் பக்கம்?" என்று ஆசிரியர் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஜப்பானோடு சேர்ந்து என்று சொல்ல வாய் வரவில்லை. இந்தியா பக்கம் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் கேட்டேன். "எதுக்கு சேர்ந்தீங்க தாத்தா?" "அரிசிச் சோறு போட்டாங்க" என்றார். அவ்வளவுதான். நேதாஜியைப் பார்த்தீர்களா? "பார்த்தேன், சிங்கப்பூர்ல. கட்டைவிரல் அளவு தெரிஞ்சாரு. அவரு இந்துஸ்தானியில பேச, ஒருத்தர் தமிழ்ல சொன்னாரு. வெயிலு." எனக்கு அழுகையே வந்துவிட்டது. தாத்தா வீரனாக இருந்தால் பரவாயில்லை, துரோகியாக இருந்தால்கூட ஒரு கதை இருக்கும். சோற்றுக்குப் போனவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சரி, அது பதினான்கு வயது.

மிச்சத்தை அவர் 2004-இல் சொன்னார். நான் வேலை விஷயமாக பாங்காக் போய்விட்டு வந்திருந்தேன். ஹோட்டலில் எடுத்த சுற்றுலாத் துண்டறிக்கை ஒன்று பையில் இருந்தது. காஞ்சனபுரி, குவாய் ஆற்றுப் பாலம், ஒருநாள் பயணம், மதிய உணவு சேர்த்து. மேசையில் கிடந்ததைத் தாத்தா எடுத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "இதுவும் இருந்துச்சு. மலைய ஒட்டி ஒரு மரப்பாலம் வரும். அதக் காணோமே" என்றார்.

"நீங்க எப்ப தாத்தா அங்க போனீங்க?"

"ரயில்லதான் பாப்பா பர்மாவுக்குக் கொண்டு போனான்."

சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், போரின்போது ஜப்பான்காரன் ஆள் பிடித்துப் போட்ட மரண ரயில் பாதை என்றால் எங்கள் வீட்டில் பெரிய தாத்தா, அதாவது தாத்தாவின் அண்ணன். அவரை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான், திரும்பவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தாத்தாவும் அதே தண்டவாளத்தில் போனவர் என்பது என் அப்பாவுக்கே தெரியாது.

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் வாங்க ஆளில்லை. தோட்டத்தில் வேலை நின்றுவிட்டது. அரிசி கிடையாது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டுத்தான் வயிறு. 1943 நடுவில், சயாமில் மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், பிறகு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லி ஆள் கேட்டார்கள். கிராணி பெயர் எழுதினார். வீட்டுக்கு ஒருவர். அண்ணன் போய் லாரியில் ஏறினார். அப்புறம் சேதி இல்லை. மூன்று மாதம் கழித்து இரண்டாவது பட்டியல் போடப் போவதாகப் பேச்சு வந்தது. அதே சமயம் ஈப்போவில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். பட்டாளத்தில் பேர் கொடுத்தவனைச் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்ல, தாத்தா நடந்தே ஈப்போ போய்ச் சேர்ந்தார்.

ஆக, சோற்றுக்குப் போனேன் என்று எனக்குச் சொன்னதுகூட முழு உண்மையில்லை. பயந்து போனார்.

முகாமைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகம் கொஞ்சம் மலரும். பஞ்சாபிக்காரர், மலையாளத்தார், செட்டியார் வீட்டுப் பிள்ளை, தோட்டத்தில் கடைசி லயத்தில் இருந்தவன், எல்லோருக்கும் ஒரே அடுப்பு, ஒரே வரிசை. தோட்டத்தில் அவரை 'டேய்' என்றுதான் கூப்பிடுவார்கள். முகாமில் 'ஜி' போட்டுக் கூப்பிட்டார்கள். "மொத நாளு யாரக் கூப்புடுறான்னு திரும்பிப் பார்த்தேன்" என்றார். இந்துஸ்தானியில் எண்ணக் கற்றுக்கொண்டது அங்கேதான். எண்பது வயதிலும் மாடிப்படி ஏறும்போது ஏக், தோ, தீன் என்று முணுமுணுப்பார்.

1944-இல் அவர் இருந்த படையை பர்மாவுக்கு அனுப்பினார்கள். சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் ஒன்று சேர்ந்தன. வேலை முடிந்த பிறகும் பாதையைப் பராமரிக்கவும் விறகு வெட்டவும் பல முகாம்களில் நம் ஆட்களை வைத்திருந்தார்கள். அண்ணன் அவர்களில் ஒருவராக இருப்பார் என்று தாத்தா நம்பினார். சரக்கு வண்டியின் கதவோரத்தில் இடம் பிடித்துக்கொண்டார். ராத்திரி தூங்கவில்லை.

அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதிவிடுகிறேன். அன்று ராத்திரியே நான் குறித்து வைத்தது.

"காட்டுக்குள்ள வண்டி நிக்கும், தண்ணி புடிக்க. கீழ பாத்தா கோவணத்தோட ஆளுங்க, எலும்புந் தோலுமா. நான் குதிச்சு ஓடுனேன். அவங்க என்னப் பாத்து ஓடுனாங்க பாப்பா. என் உடுப்பப் பாத்து. ஜப்பான்காரனோட ஆளுன்னு நெனச்சிட்டாங்க. நெனச்சிட்டாங்க என்ன, அப்படித்தானே வந்தோம். நான் தமிழ்ல கத்துனேன், அண்ணன் பேரச் சொல்லி. அப்பத்தான் நின்னாங்க. ஒருத்தன் கிட்ட வந்து கேட்டான், எந்தத் தோட்டம்னு. நான் சொன்னேன். அவ்ளோதான், எல்லாரும் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. யாரும் பேரச் சொல்லல. தோட்டத்தச் சொல்றாங்க. பீடோர் பக்கம் ஒண்ணு, தெலுக் ஆன்சன் பக்கம், காஜாங், கோலப்பிலா... ஊருக்குப் போனா சொல்லிடு, சொல்லிடுன்னு. வண்டி கெளம்பிருச்சு. ஓடிவந்து ஏறிட்டேன்."

இப்படி மூன்று நான்கு இடங்களில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முதலில் ஓடுவார்கள், தமிழ் கேட்டதும் நிற்பார்கள், தோட்டப் பெயர்கள் வரும். அண்ணன் வரவில்லை. வண்டியில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை மறக்காமலிருக்க விரல் மடக்கி இந்துஸ்தானியில் எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். மொத்தம் பதினொன்று.

பர்மாவில் நடந்ததற்கு அவர் இவ்வளவு நேரம் கொடுக்கவில்லை. போப்பா மலை, 1945 தொடக்கம். எரிமலையாக இருந்து அவிந்துபோன மலை அது, சுற்றிலும் வறண்ட பூமி. கர்னல் பிரேம் சேகலின் படை அங்கே பிரிட்டிஷாரைத் தடுத்து நிறுத்தப் பார்த்தது. தாத்தாவுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் தாகம்தான். கெண்டைக்காலில் ஒரு பெரிய தழும்பு இருக்கும். காட்டுப்பன்றி குத்தியது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார், நாங்களும் பள்ளியில் காட்டுப்பன்றிக் கதையைப் பரப்பிவிட்டோம். விமானம் சுட்டதாம். ஏப்ரல் கடைசியில் ஐராவதிக் கரையோரம் சரணடைந்தார்கள். ரங்கூனில் அடைத்து வைத்திருந்தார்கள். பட்டாள அதிகாரிகளான சேகலையும் ஷா நவாஸ் கானையும் தில்லோனையும் டில்லி செங்கோட்டையில் விசாரித்தபோது இந்தியாவே கொந்தளித்தது. தாத்தாவை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. 1946-இல் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

தோட்டத்துக்கு வந்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர்களில் ஒருவர், அண்ணனோடு ஒரே முகாமில் இருந்தவர், சொன்னார்: காலரா, இரண்டே நாள், பாதை முடிவதற்கு முன்னாலேயே. கணக்குப் போட்டால், தாத்தா கதவோரத்தில் கண்விழித்து உட்கார்ந்திருந்தபோது அண்ணன் இறந்து ஏறக்குறைய ஒரு வருடம்.

அந்தப் பதினொரு தோட்டங்களுக்கும் தகவல் சொல்லத்தான் நினைத்திருந்தார். ரங்கூனில் ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் போகவில்லை. முதலில் அண்ணன் துக்கம். அப்புறம் கையில் காசில்லை, ஜப்பான்காரனின் வாழைமரம் போட்ட நோட்டு வெறும் காகிதமாகியிருந்தது. அதற்கப்புறம் 1948.

1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட்டுகளுக்கு எதிராக பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் தொடங்கியதே எங்கள் ஊரில்தான். பழைய பட்டாளத்துக்காரர்கள் மேலும் தொழிற்சங்கத்துக்காரர்கள் மேலும் போலீஸுக்கு ஒரு கண் இருந்தது. தேசிய ராணுவத்தில் இருந்து பிறகு தொழிற்சங்கத் தலைவரான கணபதியை 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அந்த நேரத்தில், சுங்கை சிப்புட்டில், முன்னாள் சிப்பாய் ஒருவனின் தகரப் பெட்டியில் கெடாவிலிருந்து நெகிரி செம்பிலான் வரைக்கும் பதினொரு தோட்டத்தின் பெயர் எழுதிய தாள் கிடைத்தால் போலீஸ்காரன் அதை என்னவென்று படிப்பான்?

தாளையும் தொப்பியில் குத்தும் பட்டையையும் பிஸ்கட் டின்னில் போட்டு, லயத்துக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டார். பிறகு லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். 1960-இல் அவசரகாலம் முடிந்தபின் தோண்டிப் பார்த்திருக்கிறார். பட்டை இருந்தது, பச்சை பூத்து. தாள் மண்ணாகியிருந்தது.

அதே வருடம்தான் அமைச்சர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தாத்தாவும் பணம் கட்டினார், பிறகு என் அப்பாவைப் படிக்க வைத்தார், பட்டணத்தில் ஒரு சின்ன வீடு வாங்கினார். இதையெல்லாம் சித்தப்பா எழுதினால் விரிவாக எழுதுவார். எனக்கு அந்தத் தாள்தான் முக்கியம்.

"இப்ப எத்தன ஞாபகம் இருக்கு தாத்தா?"

கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கினார். ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே. ஆறோடு நின்றுவிட்டது. அந்த ஆறையும் பாலப் படத்துக்குப் பின்பக்கம் நான் எழுதிக்கொண்டேன். நான் விசாரித்தவரை அதில் நான்கு இப்போது இல்லை. ஒன்று தாமான், ஒன்று செம்பனை, இரண்டு எங்கே இருந்தன என்று சொல்லக்கூட ஆளில்லை.

"யாரையாவது பாத்தீங்களா, அந்தத் தோட்டத்து ஆளுங்கள?"

ஒரே ஒரு தடவை. எழுபதுகளில், தைப்பிங்கில் ஒரு கல்யாண வீட்டில். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாவிடம் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். அந்த அம்மா சொன்ன தோட்டம் பட்டியலில் இருந்தது. தாத்தாவுக்குக் கை நடுங்கி, இலையில் போட்ட சோறு அப்படியே இருந்ததாம். "உங்க தோட்டத்து ஆள் ஒருத்தர சயாம்ல பாத்தேன், உசுரோட" என்று சொல்லியிருக்கிறார். "யாரு?" பெயர் தெரியாது. "எப்படி இருப்பாரு?" எலும்பும் தோலுமாக, மற்றவர்களைப் போலத்தான். அந்த அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நல்லா இருந்தாரா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்தாருன்னு சொல்லிட்டேன்" என்றார் தாத்தா. துண்டறிக்கையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

தாத்தா 2009-இல் இறந்தார். பட்டையை என் அம்மா சாமி மேடையில் வைத்திருக்கிறார், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில். தாத்தாவுக்கு அது பிடித்திருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் அம்மாவிடம் யார் சொல்வது?

சில வருடங்கள் கழித்து நானும் கணவரும் காஞ்சனபுரி போனோம். நகரத்துக்குள்ளேயே போர்க்கைதிகளின் கல்லறை இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் பேர், புல் வெட்டி, பூச்செடி வைத்து, அவரவர் பெயரோடு. பல கற்களில் வயதும் இருக்கிறது: இருபத்திரண்டு, இருபத்தாறு. அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்துப் போனேன். வரவில்லை. பிள்ளைகள்தானே. அண்ணன்மாருக்கு அந்த இடத்தில் ஒரு கல்லும் இல்லையே என்பது மட்டும் அங்கே நின்றபோது தொண்டையை அடைத்தது.

மறுநாள் ரயிலேறினோம். பழைய பாதையில் இன்று மிச்சம் இருப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நாம் தோக் என்ற ஊர் வரைக்கும்தான் வண்டி. தாத்தா தேடிய மரப்பாலம் இருக்கிறது. பாறையை உரசிக்கொண்டு, கீழே ஆறு. வண்டி அங்கே ஊர்ந்து போகும், எல்லோரும் கைப்பேசியோடு ஒரு பக்கம் சாய்வார்கள். எனக்கு எதிர் இருக்கையில் ஒரு தமிழ்க் குடும்பம். மலேசியத் தமிழ்தான், இரண்டு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஜன்னலோரம் ஒரு பாட்டி.

நான் யோசிக்கவே இல்லை, வாய் கேட்டுவிட்டது: "நீங்க எந்தத் தோட்டம்?"

அந்த மனிதர் சிரித்தார். "தோட்டமெல்லாம் இல்லைங்க, சுபாங்" என்றார். என் கணவர் என் முழங்கையைத் தட்டினார். அவர் அப்பா சொன்ன அதே பதில்.

பாலம் முடிந்து வண்டி மரங்களுக்குள் போன பிறகு, அதுவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்த பாட்டி திரும்பி, பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னார். என் ஆறில் அது இல்லை. மறந்துபோன ஐந்தில் இருந்திருக்கலாம்.

"எங்க மாமா வந்தாரு இங்க" என்றார். அப்புறம் என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டார்:

"நீங்க எந்தத் தோட்டம்?"